பேஸ்மென்ட்டில் பால் பைத்தான்: 18 டிகிரி அறையில் எப்படிச் சூடு கொடுப்பது?

நெடுந்தீவான் (ஸ்காபரோ, கனடா)

வணக்கம். இங்கே பாம்பு வளர்க்கிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து உதவுங்கள். எனக்கு இதில் எந்த அனுபவமும் இல்லை. ஊரில் பாம்பைக் கண்டால் தடி தேடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான்.

மகளுக்கு 16 வயது. அவளுடைய பள்ளித் தோழியின் குடும்பம் வன்கூவருக்குப் போனபோது தங்கள் பால் பைத்தானை (ball python, ஆபிரிக்க மலைப்பாம்பு வகை) இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வயதுப் பெண் பாம்பு, கிட்டத்தட்ட மூன்றடி நீளம், குசினித் தராசில் 780 கிராம். மகள் அதை முத்து என்று கூப்பிடுகிறாள். ஒக்டோபர் கடைசியில் வந்தது. முதல் இரண்டு கிழமை ஒழுங்காகச் சாப்பிட்டது. இப்போது ஐந்து கிழமையாக எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவர்கள் தந்தது 36 அங்குல நீளமான 40 கலன் கண்ணாடித் தொட்டி. மேலே கம்பி வலை மூடி. அடியில் ஒரு பக்கம் ஒட்டுகிற ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), 24 வாட். வலைக்கு மேலே 75 வாட் சிவப்பு மின்குமிழ். இரண்டையும் நேரே சுவர் பிளக்கில் போட்டிருக்கிறோம், 24 மணி நேரமும் எரிகிறது. சூட்டை அளவோடு நிறுத்துகிற தெர்மோஸ்டாட் கிடையாது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்டத் தெர்மோமீட்டர் எப்போதும் 26 டிகிரி காட்டுகிறது. தொட்டி இருக்கும் பேஸ்மென்ட் அறை பகலில் 18, விடியப்புறம் 16 கூட ஆகிவிடுகிறது. பாம்பு பகல் முழுக்க மேட் இருக்கும் மூலையில், மரச்சீவலைக் கிளறிக்கொண்டு கண்ணாடித் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

கடையில் கேட்டால் 150 வாட் மின்குமிழ் போடச் சொன்னார்கள். மனைவி அந்த அறைக்கே ஒரு ரூம் ஹீட்டர் வாங்கி வைக்கலாம் என்கிறார். மகள் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. இரவு இரண்டு மணிக்கு எழும்பித் தொட்டியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறாள். நேற்று அழுதுவிட்டாள். எதை வாங்க வேண்டும், எதை எங்கே வைக்க வேண்டும் என்று யாராவது வடிவாக விளங்கப்படுத்தினால் பெரிய உதவியாக இருக்கும்.


மலர் (மார்க்கம்)

அண்ணா, இதை வாசித்து முடிப்பதற்கு முன் கீழே போய் ஹீட் மேட்டின் பிளக்கைக் கழற்றிவிட்டு வாருங்கள். மின்குமிழை இன்றைக்கு அப்படியே விடுங்கள். முத்து ஓரிரண்டு நாள் குளிரில் இருந்தால் ஒன்றும் ஆகாது. அந்த மேட்டில் இன்னொரு இரவு கிடப்பதுதான் எனக்குப் பயம்.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று சொல்கிறேன். 2012இல் என் முதல் பால் பைத்தானை வாங்கினேன். உங்களுடையதைப் போலவே கண்ணாடித் தொட்டி, அடியில் மேட். "இது தானாகவே அளவோடு நின்றுவிடும், தெர்மோஸ்டாட் தேவையில்லை" என்று விற்றவர் சொன்னார், நம்பிவிட்டேன். அவளும் அந்த மூலையிலேயே கிடந்தாள். சூடு பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஏழாவது கிழமை தொட்டியைக் கழுவ அவளைத் தூக்கியபோது வயிற்றில் நான்கு விரல் அகலத்துக்குச் செதில்கள் பழுப்பாகி, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. மிருக வைத்தியர் தந்த களிம்பைப் பூசி, மரச்சீவலை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் துவாயில் வைத்து, இரண்டு முறை சட்டை கழற்றிய பிறகுதான் ஆறியது. இன்றைக்கும் ஒன்பது செதில்கள் சுருங்கித்தான் இருக்கின்றன. வெப்பமானி வாங்கிய அன்று அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். 47 டிகிரி.

சுட்டால் விலகிப் போகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். இந்தப் பாம்பு கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் வாழ்கிறது. அங்கே சூடு மேலேயிருந்து வரும். கூடிப்போனால் மண்ணுக்குள் இறங்கினால் குளிரும். நாங்கள் அடியில் மேட்டை ஒட்டி அதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். ஒளிந்து படுக்க இறங்கினால் அங்கேதான் கொதிக்கிறது. அதோடு முத்துவைச் சுற்றி இருக்கிற காற்று குளிர். உடம்பு முழுக்கக் குளிரும்போது வயிறு சுடுவதைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஆகவே மூலையை விட்டு நகராமல் கிடப்பது அந்த இடம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் இல்லை, அதற்குப் போக வேறு இடம் இல்லை.

இன்று இரவு முத்துவைத் தூக்கி வயிற்றுப் பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு நிறம், கொப்புளம், மற்ற இடத்தைவிட வறண்டு தெரியும் செதில் ஏதும் இருந்தால் உடனே சொல்லுங்கள். மூச்சையும் கவனியுங்கள். சீறல் சத்தம், வாயோரம் நுரை, வாயைத் திறந்து தலையை மேலே தூக்கி வைத்திருப்பது இருந்தால் அது குளிரால் வருகிற நெஞ்சு நோய். அதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

அடுத்தது அந்த வட்டத் தெர்மோமீட்டர். அதைக் கழற்றி எறியுங்கள். அது எங்கே ஒட்டியிருக்கிறதோ அந்தக் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், அதையும் சரியாகக் காட்டாது. எங்களுக்குத் தெரிய வேண்டியது பாம்பு படுக்கிற இடத்தின் சூடு. வயரின் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் தெர்மோமீட்டர் இரண்டு வாங்குங்கள், சூடான பக்கத்துக்கு ஒன்று, குளிர்ந்த பக்கத்துக்கு ஒன்று. பிறகு துப்பாக்கி மாதிரிப் பிடித்து அழுத்துகிற இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று. கொவிட் காலத்தில் நெற்றியில் காட்ட வாங்கியது சரிவராது, அது மனித உடம்புச் சூட்டை மட்டும் அளக்கச் செய்தது. சமையல் சட்டியை, வாகன இயந்திரத்தைப் பார்க்கிற வகை வேண்டும்.

இப்போது அளவுகள். சூடான பக்கத்தில் ஹீட்டருக்கு நேர்கீழே தரை 32, 33 டிகிரி. அந்தப் பக்கத்து ஒளிவிடத்துக்குள் (பாம்பு மறைந்து படுக்கிற கூடு) 31. குளிர்ந்த பக்கம் 25, 26. இரவில் எந்த மூலையும் 24க்குக் கீழே போகக் கூடாது. பெட்டிகளில் பாரன்ஹீட்டில் 90 என்று போட்டிருப்பதும் இந்த 32தான், குழம்ப வேண்டாம்.

தொட்டி முழுக்க ஒரே சூடாக வைத்தால் போதாதா என்று மகள் கேட்கக்கூடும். போதாது. எங்கள் உடம்பு தானே சூட்டை உண்டாக்கும், பாம்பு இடம் மாறித்தான் அதைச் சரிசெய்துகொள்ளும். சாப்பிட்டால் சூட்டுக்குப் போகும், போதுமென்றால் குளிர்ந்த பக்கம் வரும். எந்த நேரத்தில் எவ்வளவு வேண்டும் என்பது அதற்குத்தான் தெரியும். நாங்கள் இரண்டு முனைகளையும் சரியாக வைத்துக் கொடுத்தால் நடுவில் அது தேர்ந்துகொள்ளும். அதனால் ஒளிவிடமும் இரண்டு வேண்டும், ஒரே மாதிரி, உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமாக. ஒன்றுதான் இருந்தால் ஒளிய வேண்டுமா சூடு வேண்டுமா என்று பாம்பைத் தெரிவு செய்ய வைக்கிறோம். பால் பைத்தான் எப்போதும் ஒளிவதைத்தான் தெரிவு செய்யும்.

சாப்பிடாததற்கும் இது பெரும்பாலும் காரணம். உடம்பு குளிர்ந்திருந்தால் எலி செரிக்காது, வயிற்றிலேயே அழுகத் தொடங்கும், கக்கிவிடும். கக்கினால் பாம்பு சரியாகப் பலவீனமாகிவிடும். முத்து வேண்டாம் என்று சொல்வது புத்தியான காரியம் என்று மகளிடம் சொல்லுங்கள். குளிர்காலத்தில் நல்ல சூட்டில் இருக்கிற பால் பைத்தானே இரண்டு மூன்று மாதம் பட்டினி கிடக்கும். கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். 780இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 700க்குக் கீழே இறங்கினால் வைத்தியர். அதுவரை சூடு சரியாகி ஒரு கிழமை கழியும்வரை எலியைக் காட்டவே வேண்டாம்.

வாங்க வேண்டியதில் முதலாவது தெர்மோஸ்டாட். ஹீட்டர் அதற்குப் பிறகு. காசு குறைவாக இருந்தால் இந்த மாதம் தெர்மோஸ்டாட்டை மட்டும் வாங்குங்கள், அழகுக்கு வைக்கிற செடி, கிளை எல்லாம் பிறகு பார்க்கலாம். ஹீட்டருக்கு செராமிக் எமிட்டர் என்று ஒன்று இருக்கிறது. மின்குமிழ் மாதிரித் திருகலாம், ஆனால் வெளிச்சம் வராது, இரவும் பகலும் எரிய விடலாம். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும், பீங்கான் ஹோல்டரில்தான் போட வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் டீப் ஹீட் புரொஜெக்டர் 80 வாட் வாங்குங்கள். அதுவும் வெளிச்சம் இல்லாதது, ஆனால் செராமிக்கைவிட ஆழமாக உடம்புக்குள் சூடு இறங்கும். நான் மூன்று வருடமாக அதைத்தான் பாவிக்கிறேன். அதற்கு டிம்மிங் வகைத் தெர்மோஸ்டாட் வேண்டும், விளக்கைக் கூட்டிக் குறைப்பதுபோல ஆறுதலாக மாற்றுவது. செராமிக்குக்குச் சாதாரணமாகப் போட்டு நிறுத்துகிற வகையே போதும்.

புது ஹீட்டர் வந்ததும் சிவப்பு மின்குமிழைக் கழற்றிவிடுங்கள். சிவப்பு பாம்புக்குத் தெரியாது என்று சொல்லி விற்கிறார்கள், தெரியும். 24 மணி நேரமும் எரிந்தால் அதற்கு இரவே இல்லை. 150 வாட் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, மூடியின் கீழே சுட்டுப்போட்டு மற்றப் பக்கத்தைக் குளிரிலேயே விடும்.

தெர்மோஸ்டாட்டின் உணரியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹீட்டருக்கு நேர்கீழே, பாம்பின் முதுகு வருகிற உயரத்தில், சுவரோடு அசையாமல் பொருத்துங்கள். அது கழன்று குளிர்ந்த பக்கம் விழுந்தால் தெர்மோஸ்டாட் "குளிர்கிறது" என்று நினைத்து ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கும். உறிஞ்சி ஒட்டுகிற கிண்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஈரத்தில் விழுந்துவிடும். நான் சூடான பசையால் ஒரு கேபிள் கிளிப்பை ஒட்டி அதில் மாட்டியிருக்கிறேன். தொட்டிக்குள் செலோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம். பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் செதிலோடு உரிந்து வரும்.

கடைசியாக மூடி. நீங்கள் கொடுக்கிற சூடெல்லாம் அந்த வலையால் மேலே போகிறது. ஹீட்டர் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டு மிச்சத்தை அலுமினியத் தாளால் மூடுங்கள். தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கச் சுவர்களும் வெளிப்புறத்தில் ஒரு அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரை) பலகையால் மறையுங்கள், ஹீட்டருக்குக் கிட்ட வராமல். முன்பக்கம் மட்டும் கண்ணாடி தெரிந்தால் போதும். நாலு பக்கமும் திறந்த இடத்தைவிட அது பாம்புக்கும் பிடிக்கும்.


வயர்மன் (மிஸிஸாகா)

தம்பி, பாம்பைப் பற்றி எனக்குத் தெரியாது, 31 வருடம் வயரிங் வேலை செய்தவன். மலர் சொன்னதோடு என் பங்குக்குச் சிலதைச் சொல்கிறேன்.

ரூம் ஹீட்டர் யோசனையை விடுங்கள். அது 1500 வாட், எங்கள் 120 வோல்ட்டில் 12.5 அம்பியர் இழுக்கும். பழைய வீட்டு பேஸ்மென்ட்டில் முழு அறைக்கும் 15 அம்பியர் பிரேக்கர் ஒன்றுதான் இருக்கும். யாராவது தலைமயிர் உலர்த்தியைப் போட்ட உடனே பிரேக்கர் விழும், அதோடு பாம்பின் ஹீட்டரும் நின்றுவிடும், விடியும்வரை ஒருவருக்கும் தெரியாது. 80 வாட் ஹீட்டர் ஒரு அம்பியர்கூட இழுக்காது. ரூம் ஹீட்டரைப் பாம்பின் தெர்மோஸ்டாட்டில் செருகிப் பார்க்கும் எண்ணமும் வேண்டாம். அந்தத் தெர்மோஸ்டாட்டுகள் சில நூறு வாட்டுக்குச் செய்தவை, உருகிவிடும்.

ஹீட்டரை வேண்டியதைவிடப் பெரிதாக வாங்காதீர்கள். தெர்மோஸ்டாட்டும் ஒரு இயந்திரம்தான், ஒருநாள் உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்காமல் ஓடும். அன்றைக்கு 80 வாட் என்றால் தொட்டி அளவுக்கு மிஞ்சிச் சுடும், ஆனால் பாம்பு மற்றப் பக்கம் போய்த் தப்பிக்க நேரம் இருக்கும். 150 வாட் என்றால் நேரம் இருக்காது. ஹீட்டர் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓடி, மூன்றில் ஒரு பங்கு ஓய்ந்திருந்தால் அளவு சரி.

விளக்குக் கூட்டை வலையின் மேல் சும்மா வைக்காதீர்கள். பூனையோ பிள்ளையோ தட்டினால் கார்பெட்டில் விழும், நெருப்பு அங்கேதான் தொடங்கும். மேலே கூரையில் கொக்கி போட்டுச் சங்கிலியில் தொங்க விடுங்கள், கீழே வலையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். பிளக்குக்குப் போகிற வயர் ஓரிடத்தில் பிளக்கைவிடத் தாழ்வாக வளைந்து பிறகு மேலே ஏற வேண்டும். தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும்போது வயரில் வழிகிற துளி அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அந்த அறையில் புகை அலாரம் இருக்கிறதா என்று இன்றைக்கே பட்டனை அழுத்திப் பாருங்கள்.


நெடுந்தீவான்

மலர் தங்கச்சி, வயர்மன் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. உங்கள் பதிலைக் கண்ட உடனே மேட்டைக் கழற்றிவிட்டேன். அடுத்த நாள் வெப்பமானி வாங்கி வந்து, முத்துவை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துவிட்டு, மேட்டை ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தோம். கண்ணாடி 46 டிகிரி. மகள் அந்த எண்ணைப் பார்த்ததும் ஒன்றும் கதைக்காமல் முத்துவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குளிர்ந்த பக்கத்துத் தரை 20. வட்டத் தெர்மோமீட்டர் அப்போதும் 26இல்தான் நின்றது.

வயிற்றைப் பார்த்தோம். பழுப்பு இல்லை, கொப்புளம் இல்லை. ஆனால் வயிறு முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கிறது. இது சூட்டுக் காயமா? மூச்சில் சத்தம் இல்லை.

டீப் ஹீட் புரொஜெக்டரும் டிம்மிங் தெர்மோஸ்டாட்டும் வாங்கியாயிற்று. எங்கள் பகுதியில் குளிர்காலத்தில் கரண்ட் போகும். அப்போது என்ன செய்வது?


மலர் (மார்க்கம்)

வயிறு முழுக்க ஒரே மாதிரி இளஞ்சிவப்பு என்றால் சட்டை கழற்றப்போகிறது என்றுதான் நினைக்கிறேன் அண்ணா. இன்னும் சில நாளில் கண் நீலம் கலந்த பால் நிறமாகும், அப்படி ஆனால் நிச்சயம். காயம் என்றால் மேட்டைத் தொட்ட இடத்தில் மட்டும் திட்டாக இருக்கும். சட்டை கழன்ற பிறகும் எங்காவது சிவப்பு மிச்சம் இருந்தால் படமெடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். சட்டை கழற்றும் நாட்களில் பெரும்பாலான பாம்புகள் சாப்பிடாது, தூக்கவும் வேண்டாம்.

கரண்ட் போவதைப் பற்றிக் கேட்டது நல்லது. 2013 டிசம்பர் பனிமழை நினைவிருக்கும். ரொறன்ரோவில் மட்டும் 3 இலட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லாமல் போனது. அப்போது நான் ஸ்காபரோவில்தான் இருந்தேன், எங்களுக்கு மூன்று நாள் இருட்டு. இரண்டாம் நாள் வீட்டுக்குள்ளேயே 11 டிகிரி. பாம்பைத் தலையணை உறையில் போட்டு முடிந்து, மீன் வாங்கி வருகிற ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தேன். காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் மூட்டித் தண்ணீர் சுட வைத்து, இரண்டு போத்தலில் ஊற்றி, துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தேன். மூடியில் காற்றுக்கு நாலு துளை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போத்தலை மாற்றினேன், இரவிலும்தான். பெட்டிக்குள் 24, 25 நின்றது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கரண்ட் இல்லாத நாட்களில் சாப்பாடு கொடுக்காதீர்கள். முதல் நாள் சாப்பிட்டிருந்தால்தான் உண்மையில் கவலை, அப்போது சூட்டை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். வெறும் வயிற்றோடு இருக்கிற பெரிய பாம்பு ஒரு நாள் 20 டிகிரியைத் தாங்கும். கரி அடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அதன் புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. ரெஜிபோம் பெட்டியை இப்போதே தொட்டிக்குக் கீழே எடுத்து வையுங்கள். இருட்டில் தேட முடியாது.


பனிக்காடு (எட்மன்டன்)

மலர் அக்கா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றில் மட்டும் கொஞ்சம் வேறுபடுகிறேன். மேட் என்றாலே ஆபத்து என்று மகள் நினைத்துவிடக் கூடாது. தெர்மோஸ்டாட்டில் போட்டு, உணரியை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து, உள்ளே தரை 32க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் மேட் நல்ல துணை. மேலே ஒரு ஹீட்டர் பழுதானால் கீழே ஒன்று இருக்கும். எட்மன்டனில் வெளியே கழித்தல் 35 என்கிற இரவுகளில் எனக்கு அந்த நிம்மதி தேவை. ஆனால் மேட்டின் மேல் மரச்சீவல் தடிப்பாகப் போடக் கூடாது. சூடு மேலே வர வழியில்லாமல் அடியில் சேர்ந்து கண்ணாடியே வெடித்திருக்கிறது. தொட்டிக்கு நாலு மூலையிலும் றப்பர் கால் வைத்து அடியில் காற்றுப் போக விடுங்கள்.

நான் சொல்ல வந்தது ஈரப்பதம். மேலேயிருந்து வரும் ஹீட்டர் காற்றை உலர்த்தும், வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் ஏற்கெனவே உலர்த்திவிட்டது. குளிர்காலத்தில் என் வீட்டுக்குள் 20 சதவீதம்தான். பால் பைத்தானுக்கு 60 வேண்டும். சட்டை கழற்றுகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் கூட. குறைந்தால் சட்டை துண்டு துண்டாகக் கழன்று கண்மேல் ஒட்டிக்கொள்ளும். மரச்சீவலை நனைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதை எடுத்துவிட்டுத் தேங்காய் மட்டைத் துண்டு போடுங்கள். ஒரு மூலையில் தண்ணீரை ஊற்றினால் கீழ்ப்பகுதி ஈரமாக இருக்கும், மேற்பகுதி காய்ந்திருக்கும், அதுதான் வேண்டும். மூடியைத் தாளால் மறைத்தது இதற்கும் உதவும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கதவு மாதிரி வெட்டி, ஈரமான பாசியை நிரப்பிச் சூடான பக்கத்தில் வையுங்கள். சட்டை கழற்றுகிற நாட்களில் முத்து அதற்குள்ளேயே இருக்கும்.


மலர் (மார்க்கம்)

பனிக்காடு சொல்வது சரி, மேட்டைத் துணையாக வைக்கலாம். ஆனால் அண்ணா, முதல் குளிர்காலத்தில் ஒரு ஹீட்டரை மட்டும் பழகுங்கள். இரண்டு ஹீட்டர், இரண்டு தெர்மோஸ்டாட் என்றால் எது எதைச் சுடுகிறது என்று விளங்க நாளாகும்.

இன்னொன்றை மகளிடம் சொல்லுங்கள். இந்தப் பாம்புகள் வீட்டில் 20, 30 வருடம் இருக்கும். சென்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. அதனால் ஐந்து கிழமைப் பட்டினியைப் பார்த்து இரவு இரண்டு மணிக்கு எழும்ப வேண்டாம். டிஜிட்டல் தெர்மோமீட்டரில் அதிகம் குறைவு இரண்டையும் பதிந்து வைக்கிற பட்டன் இருக்கும். காலையில் ஒருமுறை அதைப் பார்த்தால் இரவு முழுக்க என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். பிள்ளை நித்திரை கொள்ளட்டும்.


நெடுந்தீவான்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். மன்னியுங்கள், வேலை.

மூடியில் தாள், மூன்று பக்கமும் ரெஜிபோம், சங்கிலியில் புரொஜெக்டர். தெர்மோஸ்டாட்டை 32இல் வைத்தபோது தரை 35 காட்டியது. உணரி கொஞ்சம் உயரத்தில் இருந்திருக்கிறது. இரண்டு விரல் கீழே இறக்கி, எண்ணையும் 31க்குக் குறைத்தோம். இப்போது சூடான தரை 33, குளிர்ந்த பக்கம் 25, இரவில் ஆகக் குறைந்தது 24.3. ஈரப்பதம் 58க்கும் 65க்கும் நடுவில். வயர்மன் அண்ணா சொன்னபடி புகை அலாரத்தை அழுத்திப் பார்த்தேன், பற்றரி செத்திருந்தது, மாற்றிவிட்டேன்.

நீங்கள் சொல்லி நான்காம் நாள் முத்துவின் கண் பால் நிறமானது. பாசி டப்பாவுக்குள் போனவள் ஆறு நாள் வெளியே வரவில்லை. சட்டை தலையிலிருந்து வால் வரை ஒரே துண்டாகக் கழன்றது, கண்ணை மூடியிருக்கும் செதில் இரண்டும் அதிலேயே இருந்தன. மகள் அதை விரித்து ஒரு மட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறாள். மனைவியும் வந்து தொட்டுப் பார்த்தார். வயிறு வெள்ளையாகிவிட்டது, எங்கேயும் சிவப்பு இல்லை.

போன சனிக்கிழமை உறைந்த எலியைச் சுடுதண்ணீரில் உருக்கி மகள் இடுக்கியால் காட்டினாள். நான் கதவடியில் நின்றேன். கொஞ்ச நேரம் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது, பிறகு ஒரே பாய்ச்சல். ஞாயிறும் திங்களும் சூடான பக்கத்து ஒளிவிடத்தில் கிடந்தது. செவ்வாய் காலை மகள் பள்ளிக்குப் போகுமுன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். முத்து தொட்டியின் மற்றப் பக்கத்தில், குளிர்ந்த ஒளிவிடத்துக்குள், தலையை மட்டும் வெளியே வைத்துப் படுத்திருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் அது படுத்ததை நாங்கள் கண்டதே இல்லை.

ஞாயிறு நிறுத்துவிட்டு எடையைப் போடுகிறேன்.